‘நம்மிடம் குடும்பம் இருக்கிறது’ என்பவர்களுக்கு

முற்றிய மறதிநோயாளிகளுக்கு ஹாஸ்பிஸ், அதாவது அந்திமப் பராமரிப்பு, வேண்டும் என்று பேச்செடுத்தால் நமது இலக்கிய நண்பர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: ‘அது மேற்கத்திய வழக்கம், நம்மிடம் குடும்பம் இருக்கிறது.’ அந்தக் குடும்பத்தைத் திருப்பூரில் தேடிப் பார்ப்போம்.

ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட். கணவன் பவர்டேபிளில், மனைவி செக்கிங்கில். லைன் வீட்டின் ஒற்றை அறையில் கிடக்கும் கிழவிக்கு மகனின் முகமும் மறந்துவிட்டது, விழுங்கவும் மறந்துவிட்டது. ஒருவர் வேலையை விட்டாக வேண்டும்; விடுபவர் அநேகமாக மருமகளே. இ.எஸ்.ஐ. திட்டம் தொழிலாளியின் சொந்த நோய்க்குப் பணம் தருகிறது. சார்ந்திருக்கும் பெற்றோருக்கு மருத்துவமும் தருகிறது. அவர்களைப் பார்த்துக்கொள்வதால் இழந்த கூலிக்கு எதுவும் தருவதில்லை. ஆக, நாம் பண்பாடு என்று போற்றுவது கூலியற்ற ஒரு பெண்ணின் உழைப்பை.

இந்நோய் வெறும் மறதியன்று, மரணத்தில் முடிவது. பாஸ்டன் வட்டாரப் பராமரிப்பு இல்லங்களில் இந்நிலையிலிருந்த 323 பேரைத் தொடர்ந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. 18 மாதங்களுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர். முடிவு நெருங்குவதை உணர்ந்த உறவினர்கள் இருந்தபோது, நோயாளிகள் வதைக்கும் சிகிச்சைகளுக்குக் குறைவாகவே ஆளாயினர். குழாய்வழி உணவு வேண்டாம், கையால் ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. வேண்டியது இயந்திரமன்று, ஊட்டவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் கைகள், வலிக்கு மருந்து.

இது மேற்கின் சரக்கு என்போர் கோழிக்கோட்டைப் பார்க்கட்டும். அங்கே 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. கேரளம் நமக்கு மேற்கேதான் இருக்கிறது. ஆனால் நண்பர்கள் அஞ்சும் மேற்கு அதுவல்ல.

தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோய்த்தணிப்பை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டந்தான். ஆனால், வீட்டார் ஷிப்டுக்குப் போய்விட்ட பகலில், பூட்டிய கதவின் முன் செவிலியர் என்ன செய்வார்? ஷிப்ட் நேரத்தை அறிந்த சேவை, கூலியோடு கூடிய பராமரிப்பு விடுப்பு, வீட்டார் சில நாள் மூச்சுவிட ஊருக்குள் சில படுக்கைகள்: நாம் கேட்பது இவ்வளவே.

குடும்பத்தைக் கைவிடச் சொல்லவில்லை நாம். தனியே சுமக்கவிட்டு அதைக் கைவிட்டிருப்பது நாம்தான் என்கிறோம்.