பிச்சையா? பாத்தியதையா?

கண் பார்வையில்லாத மாணவன் ஒருவன் காலேஜில் பரீட்சைக்கு உட்காருகிறான். அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆளும், மூன்று மணி நேரப் பரீட்சைக்கு மேற்கொண்டு ஒரு மணி நேரமும் கொடுக்கப்படுகிறது. உடனே, “இவனுக்கு மாத்திரம் ஏன் இந்தச் சலுகை? படிப்பின் தரம் கெட்டுப் போகாதா?” என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இவர்களில் உபாத்தியாயர்களும் இருப்பதுதான் விசனிக்கத்தக்கது.

இவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். காலேஜில் மாடிப்படி கட்டியிருப்பது யாருக்காக? நடக்கக்கூடியவர்களுக்காக அல்லவா? விளக்குப் போட்டிருப்பது யாருக்காக? கண்ணில்லாதவனுக்கு விளக்கு வேண்டியதில்லையே! பெஞ்சு போட்டிருப்பது யாருக்காக? சக்கர நாற்காலியில் வருகிறவன் தன் ஆசனத்தைத் தானே கொண்டு வருகிறான். இவ்வளவையும் அனுபவிக்கிறவர்கள் அவைகளுக்குச் சலுகை என்று பெயர் வைப்பதில்லை. நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பாதை கேட்டால் மாத்திரம் அது சலுகையாகிவிடுகிறதாம். இது என்ன நியாயம்?

தரம் கெடும் என்பதும் அர்த்தமற்ற பேச்சேயாகும். பரீட்சை வைப்பது மாணவனுக்குச் சரித்திரம் தெரியுமா என்று பார்க்கவா? அல்லது விரல் எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று பார்க்கவா? கேள்வியைப் பிறர் வாசிக்கக் கேட்டு, விடையை வாயால் சொல்லி, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்துவதற்கு நேரம் பிடிக்காதா? அந்த நேரத்தைத்தான் கொடுக்கிறார்களே ஒழிய, விடையைக் கொடுப்பதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனை யாராவது மோசக்காரன் என்று சொல்லுகிறார்களா?

நிற்க, இது எவருடைய தயவுமல்ல. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதியை மறுப்பதும் பாரபட்சமே என்று சொல்லுகிறது. சர்க்கார் காலேஜுகளிலும், சர்க்கார் உதவி பெறும் காலேஜுகளிலும், 100-க்கு 40 பங்குக்குக் குறையாத குறையுள்ளவர்களுக்கு 100-க்கு 5 ஸ்தானங்களாவது ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்த 40 பங்கு இல்லையென்பதற்காக எழுதும் ஆளை மறுக்கக் கூடாதென்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பழைய பொதுக் கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி திருத்துவதற்கு, 2017-ல் விதிகள் வெளியானது முதல் 5 வருஷம் தவணை கொடுக்கப்பட்டது. அத்தவணை 2022-லேயே தீர்ந்துவிட்டது. ஊனமுற்றவர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி என்று மாற்றியாய்விட்டது. மாடிப்படியை மாற்றாத காலேஜுகளோ இன்னும் இருக்கின்றன.

சட்டமிருந்தும் காரியம் நடவாததேன்? குறையை ‘பூர்வ ஜென்மப் பாவம்’ என்று நம்பிப் பழகிய புத்திதான் முக்கியமான காரணம். இளம்பிள்ளை வாதத்தையும் அப்படித்தான் சொன்னார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. பூர்வ ஜென்மப் பாவம் இரண்டு சொட்டு மருந்துக்குப் பயந்து ஓடிப்போய்விட்டதா? பாவம் என்று நம்புகிறவன் இரக்கப்படுவான். “ஐயோ பாவம்” என்று சொல்லிக் காலணா போடுவான். ஆனால், பக்கத்தில் சமமாய் உட்காரவைக்க மாத்திரம் சம்மதிக்க மாட்டான். இதைவிடக் கொடுமை, அந்த மாணவனே வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேளாமல் பரீட்சையில் தோற்று வீடு திரும்புவதாகும்.

ஆகவே, மாணவத் தோழர்களே! வெட்கம் உங்களுடையதல்ல. காலேஜில் சேரும்போதே வேண்டியதை எழுத்து மூலம் கேளுங்கள்; நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; மறுத்தால் மாகாணத்து மாற்றுத்திறனாளிகள் கமிஷனருக்கு எழுதுங்கள். பெற்றோர்களும் “நமக்கேன் வம்பு” என்று பிள்ளையை வீட்டிலேயே உட்காரவைக்காதிருக்க வேண்டும். நீங்கள் கேட்பது பிச்சையல்ல. மற்றவர்கள் கேளாமலேயே அனுபவித்து வருகிற பாத்தியதையில் உங்கள் பங்கேயாகும்.