பைக் விசாவும் முதல் உந்துருளியும்

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய சொல் அடிக்கடி காதில் விழுகிறது: பைக் விசா. டுபாயிலோ கட்டாரிலோ உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுசெல்லும் வேலைக்கு முகவர் ஆள் சேர்க்கிறாராம். அக்காவின் மகன் போக விரும்புகிறானாம். இங்கிருந்து கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமாம். பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையிலிருந்து 3 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அவர்களுள் பெரும் பகுதியினர் இறங்கியது வளைகுடா நாடுகளில்தான். ஆகவே இந்தக் கோரிக்கையில் புதுமை எதுவும் இல்லை. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பணமும் அனுப்பியே வருகின்றன. பையனுக்கு உந்துருளி ஓட்டத் தெரியுமா என்று யாரேனும் கேட்டால், "அவன் சின்னனிலேயே ஓடப் பழகிட்டான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதிலை நாம் அவ்வளவு எளிதில் ஏற்கக்கூடாது.

பையன் ஓடிப் பழகியது இடப்புறம். வளைகுடாவில் வாகனங்கள் வலப்புறம் செல்கின்றன. ஜேர்மனியிலும் பிரான்சிலும் கனடாவிலும் வாழும் வாசகர்களுக்கு இந்த மாற்றம் தெரிந்ததுதான். ஆனால் நான்கு சில்லு வாகனத்தில் இருக்கும் இரும்புக் கூடு உந்துருளியில் இல்லை. சந்தியில் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பது அறிவு தீர்மானிக்கும் விடயமன்று. கழுத்து தானாகவே திரும்பும் பழக்கம் அது. எங்கள் ஊரில் மெதுவாகச் செல்பவன் ஒதுங்கும் இடது ஓரம், டுபாயின் நெடுஞ்சாலைகளில் மிக வேகமாகச் செல்லும் ஒழுங்கை. அகன்ற சாலைகளில் விநியோக உந்துருளிகள் அந்த இடப்புற ஒழுங்கைகளுக்குள் நுழைவதையே 2025 நவம்பர் முதல் டுபாய் அதிகாரிகள் தடைசெய்துள்ளனர். பதற்றமான ஒரு கணத்தில் பழைய பழக்கம் கையை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பெற்றோல் தடையின்போது ஓட்டப் பழகிய தலைமுறையினர் நாம். சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. இயந்திரத்தின் இருமலைக் கேட்டே அதன் நோயை அறிந்தோம் என்று இன்றும் சிலர் பெருமை பேசுவதுண்டு. பெருமை நியாயமானதே. ஆனால் வாகனமே அரிதான வீதியில் பெற்ற தேர்ச்சி, பக்கத்தில் பாரவூர்தி 100 கிலோமீற்றர் வேகத்தில் கடந்து செல்லும் வீதிக்குப் போதாது.

ஓட்டக் கற்பது என்பது வேகமாகச் செல்லக் கற்பதன்று. கிளச்சைப் பாதி பிடித்து, நடப்பவனின் வேகத்தில், காலை ஊன்றாமல் எட்டு வடிவில் சுற்றிவரப் பழகியவனே வண்டியைத் தன் வசப்படுத்தியவன். அடுத்தது பிரேக். நிறுத்தும் ஆற்றலின் பெரும் பங்கு முன்சில்லில் இருக்கிறது. நம்மவர் பலர் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் பின்பிரேக்கை மாத்திரமே மிதிக்கின்றனர். ஆனால் பாலைவனக் காற்று தார் வீதியில் மெல்லிய மணலைப் பரப்பியிருக்கும் இடத்தில் அதே முன்பிரேக்கைச் சடுதியாகப் பிடித்தால் சில்லு வழுக்கும். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதைப் பயிற்சியினால் மாத்திரமே உடல் கற்கும். பின்னால் உயரமாகக் கட்டிய பொதிப்பெட்டி பக்கக் காற்றைப் பாய்போல் வாங்கிக்கொள்ளும். இத்தனையையும் ஊரில் எவரும் அவனுக்குச் சொல்லித்தருவதில்லை.

அங்கே சென்றபின் கற்கலாமே என்று முகவர் சொல்வார். கற்கத்தான் வேண்டும், இந்திய அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கூட அதை அமீரகத்தில் அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது, பரீட்சையில் தேற வேண்டும். தேறும்வரை வருமானம் இல்லை. சில ஒப்பந்த நிறுவனங்கள் பயிற்சிச் செலவைக் கடனாக எழுதிச் சம்பளத்தில் கழிக்கின்றன. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ அறவிடக்கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழிற் சட்டம் கூறுகிறது. "பயிற்சி" என்று பெயரை மாற்றினால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கடனுடன் தொடங்குபவன் ஒரு பொதி கூடுதலாகக் கொடுக்க விரைவான், விரைபவனே விழுகிறான். ஒரு பொதிக்கான கூலியை 10.25 திர்ஹமிலிருந்து 8.75 ஆகக் குறைக்க டெலிவரூ நிறுவனம் முற்பட்டபோது, 2022 மே மாதத் தொடக்கத்தில் டுபாயின் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தினர். வேலைநிறுத்தம் சட்டவிரோதமான நாட்டில் அவர்கள் துணிந்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. ஒன்றரைத் திர்ஹம் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பது அப்போது தெரிந்தது.

அங்கே அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் வண்டி. தெரிவு செய்யும் உரிமை அவனுக்கில்லை. ஆகவே தெரிவு ஊரிலேயே, விசாவுக்கு முன்னரே நிகழவேண்டும் என்பது நமது கருத்து. முகவருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியேனும் பழகுவதற்கான வண்டிக்குப் போகட்டும். 2020இல் வந்த இறக்குமதித் தடை 2025இல்தான் நீங்கியது. இடையில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. இருந்தாலும் 100 அல்லது 125 சிசி பழைய வண்டி போதும். மருமகன் 200 சிசி கேட்பான். அதில் பழகுவதைவிடப் பயப்படவே கற்பான். லீசிங் வேண்டவே வேண்டாம். இருந்தபடி இரு பாதங்களும் முழுதாக நிலத்தில் படவேண்டும், சாய்ந்த வண்டியைத் தானே நிமிர்த்த வேண்டும். ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படிக்கச் சொல்லுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூப் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வெயிலில் கிடந்த இறப்பர் உள்ளே இறுகியிருக்கும். சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி அகப்பட்டால் சற்று அதிகம் கொடுத்தாலும் நட்டமில்லை. தலைக்கவசத்தை மாத்திரம் பழையதாக வாங்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தபின்னும் அவன் போகவே விரும்பினால் தடுக்க நமக்கு உரிமை இல்லை. வேலையற்றிருப்பவனிடம் இங்கிருந்து பொறுமை போதிப்பது எளிது. ஆனால் பணம் அனுப்புமுன் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பரீட்சையில் தவறினால் மறு பரீட்சைக் கட்டணம் யாருடையது, தேறும்வரை உணவுக்கு என்ன வழி, விபத்தில் வண்டி சேதமானால் யார் கணக்கில் எழுதப்படும். எழுதித் தர மறுக்கும் முகவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.