அஞ்சும் நெஞ்சிற்கு அருமருந்து



சென்ற திங்கள் நம்மைச் சந்தித்த ஒரு தாய், உடற்பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தமக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பதைத் தாழ்ந்த குரலில் தெரிவித்தார். நீரிழிவும் மூட்டுவலியும் அவரைப் பல்லாண்டுகளாக வாட்டி வருகின்றன. "கத்தியைவிட ஊரார் பேச்சுக்கே அஞ்சுகிறேன், வாயைக் கட்டத் தெரியாதவள் என்பார்களே!" என்றார். இரவில் உறக்கமில்லை என்றும், இவ்வாறு அஞ்சுவது விசுவாசக் குறைவோ என்றும் கலங்கினார்.

அச்சம் பாவமன்று. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மனங்கலங்கினார். தம்மோடு விழித்திருக்குமாறு சீடர்களை வேண்டினார். அவரே துணை தேடினாரெனில், நாம் நம் அச்சத்தை மறைப்பானேன்? மேலும், உடற்பருமன் பெருந்தீனிக்குக் கிடைத்த தண்டனையன்று. பரம்பரை, சுரப்பிகள், சில மருந்துகள், வாழ்க்கை முறை எனப் பலவும் கூடி விளைவிக்கும் நோய் அது.

அறியாமை அச்சத்தை வளர்க்கும். ஆதலின் ஐயங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கேளுங்கள். இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஒரு முறையில், இரைப்பையில் ஏறத்தாழ 100-க்கு 80 பங்கை அகற்றி, எஞ்சியதைக் குறுகிய குழாய்போல் ஆக்குகின்றனர். இரத்தக் கசிவு போன்ற இடர்களையும் ஒளிவின்றிக் கேட்டறிதல் நன்று. அறுவைக்கு முன் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் திகைக்க வேண்டா. மனத்தையும் ஆயத்தப்படுத்தவே அவ்வாறு செய்கின்றனர்.

'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் முன்னோர் அஞ்சிய திருவருட்சாதனம் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அச்சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோயின் பொருட்டு அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோரும் முன்னதாகவே அதனைப் பெறலாம். பங்குத் தந்தையை அணுகத் தயங்காதீர்கள்.

அறுவை முடிந்தபின் வரும் சோர்வைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. முதலில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, அதன்பின்னரே திட உணவு. துயரத்தில் உணவையே ஆறுதலாகக் கொண்டவர், அந்த ஆறுதலும் பறிபோனதாக உணர்கிறார். காரணமின்றி அழுவோரும், 'ஏன் இதற்கு இசைந்தோம்?' என்று வருந்துவோரும் உண்டு. சில மாதங்களில் முடி உதிரலாம். பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். உயிர்ச்சத்து மாத்திரைகளை மட்டும் வாழ்நாள் முழுதும் விடலாகாது. மதுவோ முன்னிலும் விரைவாகத் தலைக்கேறும். அதில் ஆறுதல் தேடுவது பேராபத்து. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். "இன்னும் ஒரு பிடி" என்று வற்புறுத்துவது இங்கே அன்பாகாது. "எவ்வளவு குறைந்தது?" என்று நாள்தோறும் கேட்பதும் வேண்டா. மாலையில் உடன் நடந்து செல்லுங்கள். அழுதால் அருகில் அமருங்கள். தவக்காலம் வந்தால், நோயுற்றோரை நோன்புச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதை நினைவூட்டுங்கள்.

அத்தாயின் அறுவை இத்திங்கள் நடைபெறவிருக்கின்றது. அவர் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆண்டவர் அறிவார். இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணிகளை அவருக்காக ஒப்புக்கொடுப்போம். நாளை அவரைப் போன்ற ஒருவர் நம் தெருவில் எதிர்ப்பட்டால், நம் நாவையும் காத்துக்கொள்வோம்.