கொடி ஏறிய மலையில் சாசனம் ஏறியதா?

இந்தியா 1950 ஜனவரி 26-ல் குடியரசானது. அந்தக் குடியரசு கல்வராயன் மலையேற 26 ஆண்டுகள் ஆயின. வரைபடத்தில் சேலம், தென்னாற்காடு மாவட்டங்களுக்குள் அடங்கியிருந்தாலும், சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகிர்தார் குடும்பங்களின் பிடியில்தான் மலை இருந்தது. வரியும் அவர்களுக்கே, கூலியில்லா உழைப்பும் அவர்களுக்கே. சமவெளியில் ஜமீன்களை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே ஜாகிர் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976 ஜூனில்.

அந்தக் காலத்தை நாம் கவனிக்க வேண்டும். நாடு நெருக்கடி நிலையில் இருந்தது. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் மக்களாட்சிக்குள் கொண்டுவரப்பட்ட வேளையில், மக்களாட்சியே முடக்கப்பட்டிருந்தது. வாக்குரிமைக்கு அவர்கள் மேலும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருந்ததாக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது.

ஜாகிர் ஒழிந்தது நியாயமே. அதற்காக ஏங்கி நிற்க ஒன்றுமில்லை. ஆனால், ஒரு நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் குடியரசு, அங்குள்ள மனிதர்களைக் குடிமக்களாகவும் சேர்த்துக்கொண்டதா என்பதே கேள்வி.

அமெரிக்கா இதே கேள்வியில் சறுக்கியது. பேரரசை எதிர்த்துப் பிறந்த அந்த நாடு, 1898-ல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ தீவுகளைப் பெற்றது. ஆளப்படுவோரின் ஒப்புதலே ஆட்சிக்கு அடிப்படை என்று முழங்கிய தேசம், ஒப்புதல் கேட்காமலேயே ஆளத் தொடங்கியது. பாஸ்டனில் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் இந்த முரணைச் சுட்டிக்காட்டிப் போராடியது. மார்க் ட்வைனும் அதில் இணைந்தார். 1901-ல் உச்ச நீதிமன்றம், போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் அங்கம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அத்தீவில் வசிப்போர் அதிபர் தேர்தலில் இன்றும் வாக்களிக்க முடியாது.

நம் அரசியல் சாசனம் அப்படிப்பட்ட இரண்டாம்தரக் குடிகளை ஏற்கவில்லை. நடைமுறை ஏற்றுக்கொண்டது. காலனி ஆட்சி இயற்றிய 1882-ம் ஆண்டு வனச் சட்டம் தமிழகத்தில் இன்றும் நடப்பில் உள்ளது. காட்டை அரசின் உடைமையாகவும், அதில் வாழ்பவரை அத்துமீறியவராகவும் பார்க்கும் பார்வை அதிலிருந்து வருகிறது. அருகிலுள்ள சித்தேரி மலையடிவார வாச்சாத்தியில், 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடி வந்த வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் இதே மலையாளி மக்களின் ஊரைச் சூறையாடினர்; 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். குற்றவாளிகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023-ல்தான். கைப்பற்றிய நாட்டில் ஒரு படை நடந்துகொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கொன்றது மெத்தனால், அது தொழிற்சாலைப் பொருள், மலையில் விளைவதல்ல. ஆனாலும், ஊறலைத் தேடிக் காவல் துறையினர் கல்வராயன் மலைக்கு விரைந்தனர். அதன் பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, மலைக் கிராமங்களின் சாலை, பேருந்து, மருத்துவ வசதி பற்றிக் கேட்டது. கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறினால் வரும் கரியாலூரில் காவல் நிலையம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்குப் படகுத் துறையும் இருக்கிறது. அதற்கும் உள்ளே இருக்கும் கிராமத்துக்குச் சாலை போட நீதிமன்றம் கேட்க வேண்டியிருக்கிறது. கண்காணிக்கவும் கண்டுகளிக்கவும் மலையேறிய அரசு, சேவை செய்யத் தயங்கியிருக்கிறது.

இதற்கு மருந்து சாசனத்திலேயே உள்ளது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாவது அட்டவணையில் பத்து மாநிலங்களின் பகுதிகள் உள்ளன. தமிழகத்தின் ஒரு மலைகூட இல்லை. அதனால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு நிலத்திலும் வனப்பொருளிலும் அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை முகப்புரையிலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலுக்குப் பொருள் வேண்டுமானால், உழுபவர் கையில் பட்டா சேர வேண்டும்.

கல்வராயன் மலையை ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கத் தமிழக அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்களுக்குக் காலக்கெடு வைத்து முடிவு காண வேண்டும். இவை சலுகைகள் அல்ல. 1950-ல் தந்த வாக்குறுதியின் பாக்கி. மாநில உரிமைக்காக டெல்லியிடம் ஓங்கிக் குரல் கொடுக்கும் தமிழகம், தன் மலைகளுக்கும் அதே நீதியை வழங்கும்போதுதான் அந்தக் குரலுக்கு முழு வலிமை கிடைக்கும்.