மண்ணுக்கும் உணவு வேண்டும்



விளைச்சல் குறைந்தால் இன்னொரு மூட்டை யூரியா போடுகிறோம். மண்ணின் பசி அதனால் தீருமா? கோவையில், இன்றைய வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், 1909-இல் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கப்பட்டது. 1972-இல் மற்றொரு நீண்டகால ஆய்வும் தொடங்கியது. இரசாயன உரம் மட்டும் இட்ட பாத்திகளைவிட, தொழுவுரமும் சேர்த்து இட்டவற்றில் மண்ணின் கரிமச்சத்து அதிகம் என்பதே அவை காட்டும் உண்மை.

செடி காற்றிலிருந்து எடுத்த கரிமத்தில் ஒரு பகுதி, மட்கும்போது மண்ணில் தங்குகிறது. ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. எரித்தால், பெரும்பகுதி உடனே காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

நெல்லும் தென்னையும் விளையும் வ. புதுப்பட்டிப் பகுதியில் தென்னை மட்டையை எரிக்காமல் மட்கவிடுவோம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவோம். பலன் ஒரே ஆண்டில் தெரியாது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரச் சொல்லும் லேவியர் நூல் பொறுமையையும் கற்பிக்கிறது. குத்தகை நிலமானாலும், நமக்குப்பின் உழுபவருக்கு உயிருள்ள மண்ணை விட்டுச்செல்வோம்.