புரோட்டான் கிடைக்கவில்லையே எனக் கலங்க வேண்டாம்

தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையத்தை அப்போலோ குழுமம் 2019 சனவரியில் சென்னை தரமணியில் திறந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலிருந்து எம்மிடம் வரும் குடும்பத்தினர் சிலர், “மனையை விற்றாவது அங்கே போகலாமா?” என்று கேட்கின்றனர். விடையளிக்குமுன் அச்சிகிச்சை என்ன செய்கிறது என்பதை விளக்குவது எம் கடமை.

ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானை இழந்தால் எஞ்சும் நேர்மின் அயனியே புரோட்டான். ஆழமான கட்டிகளுக்கு அது ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாக முடுக்கப்படுகிறது. உடலுக்குள் பாயும்போது, வழியிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. அவற்றை இழந்த மூலக்கூறு உடைகிறது. உடலின் பெரும்பகுதி நீர் என்பதால், பெரிதும் உடைவது நீரே. அதன் துண்டுகள் அருகிலுள்ள டி.என்.ஏ. இழைகளைத் தாக்குகின்றன. இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால், செல்லால் அதைச் சீர்செய்வது கடினம். வேகம் குறையக் குறைய அயனி விடும் ஆற்றல் கூடும். ஆகவே அது கட்டியிருக்கும் ஆழத்தில் மிகுதியான ஆற்றலைக் கொடுத்து நின்றுவிடுகிறது; அதற்கு அப்பாலுள்ள உறுப்புகள் தப்புகின்றன.

குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடியிலும் முதுகுத்தண்டை ஒட்டியும் வளரும் சில கட்டிகளுக்கும் இது பெரும் நன்மை. ஆனால் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் எக்ஸ்கதிர்ச் சிகிச்சையும் இதே நீரையும் இதே டி.என்.ஏ.வையும்தான் உடைக்கிறது. வாய், தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இன்றும் அதுவே வழக்கமான கதிர்வீச்சு முறை. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. மருத்துவர் பரிந்துரைக்காத புரோட்டானுக்காக மனையை விற்பது தேவையற்றது என்பதே எம் கருத்து.

எம்மை உண்மையில் கவலையுறச் செய்வது தவறவிடப்படும் நாள்களே. நலமான செல்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள இடம்தந்து, வாரம் ஐந்து நாள் வீதம் சிறு சிறு அளவாகக் கதிர் தரப்படுகிறது. இடையில் நாள்கள் விடுபட்டால், எஞ்சிய புற்றுச்செல்கள் மீண்டும் பெருகுகின்றன. ஷிப்டு போய்விடும், ஒப்பந்த வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் சிகிச்சையைத் தவிர்ப்பது, எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு.

இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு, தகுதியிருப்பின், ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். புற்றுநோய்க்கு, ஈராண்டுப் பணி முதலிய நிபந்தனைகள் நிறைவேறினால், அதன்பின் இரண்டாண்டுவரை 80 விழுக்காடு பெறலாம். குடும்பத்தினர் இதனை முதல் வாரத்திலேயே கேட்டறிய வேண்டும். மேற்பார்வையாளர்களும் ஒப்பந்ததாரர்களும் அந்த ஆறேழு வாரங்களுக்கு ஷிப்டை மாற்றித்தர முன்வர வேண்டும்.

வர இயலாத நிலை ஏற்படுமெனில், முன்கூட்டியே எம் பிரிவில் தெரிவியுங்கள்; நேரத்தை மாற்றித்தர முயல்வோம்.