பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவீர்களா? சைக்கிள் வாங்கும்போது மட்டும் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறீர்கள், மணியை அடித்துப் பார்க்கிறீர்கள், பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறீர்கள். சைக்கிளுக்கும் பல் உண்டு, ஐயா!

அமாவாசையன்று மேல்மலையனூர் போயிருந்தேன். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவில்தான். பொழுது போகவேண்டுமே என்று ஒரு சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, பேரனோடு ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முட்டி ரெண்டும் போச்சுப்பா. கடன உடன வாங்கியாவது மொபெட்டு எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

கடைக்காரர் பதில் பேசாமல் குனிந்து பற்களை எண்ணினார். முன்னால் 44, பின்னால், பிரீவீலில் 18.

44ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.44. மிதி ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் அத்தனை சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரமானால், மிதிச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 18 அடி. வெறும் வண்டிக்குச் சுகம்தான். பாலும் ஏறி, எதிர்காற்றும் சேர்ந்தால் முட்டி என்ன செய்யும்?

கடைக்காரர் 22 பல் பிரீவீலை மாட்டினார். இப்போது மிதி ஒன்றுக்குச் சக்கரம் சரியாக இரண்டு சுற்று. பதினாலரை அடிக்குச் சற்று அதிகம். காலுக்கு வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சும்மா குறையவில்லை, மிதி கூடும். நிமிஷத்துக்கு 60 மிதி என்றால் முன்பு மணிக்கு 20 கிலோமீட்டர், இனி 16தான். ஆனால் பால் கேனோடு 20 கிலோமீட்டர் வேகத்தில் யார் போனார்கள்? பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ளியதில் பழைய செயினே போதுமானதாயிற்று. தள்ள இடம் இல்லாத வண்டிக்கு ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். மொபெட் விலைக்கு முன் இந்தச் செலவு வெறும் கொசுறு.

பெரியவர் ஓட்டிப் பார்க்கப் போனார். பேரன் மெதுவாக, "எனக்கு 21 கியர் சைக்கிள் வேணும்" என்றான். செஞ்சிக் கோட்டை மேல் சைக்கிளிலேயே ஏறப் போகிறானோ என்னவோ!

அந்த வண்டிகளில் பெரும்பாலும் முன்னே 42, 34, 24. பின்னே 14 முதல் 28 வரை ஏழு சக்கரம். 42க்கு 28 போட்டாலும் ஒன்றரை, 24க்கு 16 போட்டாலும் ஒன்றரை! இப்படி ஒன்றையொன்று ஒட்டி வருபவை பல. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவனுக்கு 24க்கு 28 தெய்வம்தான். மேல்மலையனூர்ச் சமவெளியில் அது எதற்கு? பிரான்ஸ் நாட்டின் பெரிய பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு பல் வைத்து, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

பையனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அதற்குள் பெரியவர் திரும்பி வந்துவிட்டார். முகத்தில் சந்தேகம்.

"என்னப்பா, மிதிக்கவே ஒண்ணும் தெரியலையே. எதையாவது கழட்டிட்டியா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸீட்டையும் ஓர் அங்குலம் உயர்த்தினார்.